காலையில் காணாமல் போகும் ஜிபியு: ஓர் ஆய்வக சர்வரை டாக்கருக்கு மாற்றிய கதை

ஒரு கல்லூரி ஆய்வகத்தின் சர்வரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. இருப்பது ஒரே ஒரு மெஷின். அதில் 24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் இரண்டு; மாடல்களைப் பழக்கும் கணக்கைச் செய்யும் ஜிபியு இவைதான். பயன்படுத்துபவர்கள் முதுகலை மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும். ஒருவர் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடலைப் பழக்குகிறார், இன்னொருவர் பயிர் நோய்ப் படங்களோடு மல்லுக்கட்டுகிறார், வேறொருவருக்கு ஐந்தாறு வருடப் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் புரோகிராம் கோடை மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

முன்பெல்லாம் எல்லோரும் உபுண்டு 20.04இல் நேரடியாகவே வேலை செய்தார்கள். ஒருவர் தன் வேலைக்காக குடாவை, அதாவது என்விடியா கார்டில் கணக்கு ஓட்டும் மென்பொருள் தொகுப்பை, புதுப்பிப்பார். பக்கத்து நாற்காலிக்காரரின் புரோகிராம் படுத்துவிடும். அவர் பழைய பதிப்பைத் திரும்பப் போடுவார். முதலாமவர் சண்டைக்கு வருவார். இந்தக் கூத்து முடிவுக்கு வரட்டும் என்று, மெஷினை உபுண்டு 22.04க்கு ஏற்றும்போதே ஆளுக்கொரு டாக்கர் கன்டெய்னர் என்று முடிவானது. ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய மென்பொருளோடு தனிப் பெட்டியில் (கன்டெய்னர்) ஓட்டும் கருவிதான் டாக்கர். ஹோஸ்டில், அதாவது மெஷினில் நேரடியாக, கார்டை இயக்கும் டிரைவரும் டாக்கரும் மட்டும். மற்றதெல்லாம் அவரவர் கன்டெய்னருக்குள்.

படிப்படியான கையேடு வேண்டுபவர்களுக்கு என்விடியாவின் ஆவணப் பக்கங்களே போதும். எது எங்கே ஏன் உடைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே எது, வெளியே எது

கன்டெய்னர் என்றால் எல்லாம் உள்ளே அடைபட்டிருக்கும், எந்த மெஷினில் போட்டாலும் ஒரே மாதிரி ஓடும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. ஜிபியு வந்துவிட்டால் அது பாதி உண்மைதான். கன்டெய்னருக்கென்று தனி கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, ஹோஸ்டின் கர்னலைத்தான் அது பயன்படுத்துகிறது. என்விடியா டிரைவரிலோ இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று கர்னலில் ஏறும் மாட்யூல். மற்றது புரோகிராம்கள் அழைக்கும் லைப்ரரிகள்; லிப்குடா அதில் முக்கியமானது. இந்த இரண்டின் பதிப்பு எண்ணும் கடைசிப் புள்ளி வரை ஒத்துப்போக வேண்டும்.

அதனால் லிப்குடாவை இமேஜுக்குள் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) வைத்துக் கட்டி அனுப்ப வழியில்லை. அடுத்த மெஷினில் என்ன டிரைவர் இருக்கும் என்று இமேஜுக்குத் தெரியாதே. இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்விடியா கன்டெய்னர் டூல்கிட். கன்டெய்னர் தொடங்கும் தருணத்தில் அது ஹோஸ்டின் லைப்ரரி ஃபைல்களை உள்ளே மவுன்ட் செய்யும், அதாவது உள்ளிருந்தே தெரியும்படி இணைக்கும். டெவ் அடைவில் உள்ள என்விடியா0, என்விடியாசிடிஎல், என்விடியா-யுவிஎம் போன்ற சாதன ஃபைல்களைக் காட்டும். அவற்றைத் திறக்க அனுமதியும் வாங்கித் தரும். வாடகை வீட்டில் பாத்திரம் பண்டமெல்லாம் நம்முடையது, தண்ணீர் மோட்டார் மட்டும் வீட்டுக்காரருடையது என்கிற மாதிரியான ஏற்பாடு. எங்களுக்கு வந்த பெரிய தொல்லைகள் எல்லாம் இந்த எல்லைக்கோட்டில்தான் வந்தன. இமேஜை எவ்வளவு தோண்டிப் பார்த்தாலும் காரணம் அங்கே கிடைக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டினால் வலது மேல் மூலையில் ‘குடா வெர்ஷன்’ என்று ஓர் எண் வரும். எங்கள் 535 டிரைவரில் அது 12.2. மெஷினில் குடா 12.2 நிறுவப்பட்டிருக்கிறது என்று மாணவர்கள் அதைப் படித்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது இந்த டிரைவருக்குத் தெரிந்த உச்சப் பதிப்பு. ஹோஸ்டில் குடா டூல்கிட் இல்லாவிட்டாலும் அந்த எண் வரும். கன்டெய்னருக்குள் 11.8 இருந்தாலும் அதே 12.2 தான் தெரியும். அந்த உச்சத்திலும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு: டிரைவர் 525.60.13 அல்லது அதற்கு மேல் இருந்தால் குடா 12 வரிசையில் பிந்தைய பதிப்புகளும் பெரும்பாலும் ஓடும்.

நிறுவல்

இணையத்தில் தேடினால் மூன்று காலத்து வழிமுறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடைக்கும். முதலில் என்விடியா-டாக்கர் என்று தனிக் கட்டளையே இருந்தது. 2017இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்து ரன்டைம் (கன்டெய்னரைத் தொடங்கும் புரோகிராம்) என்ற முறையைக் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் டாக்கர் 19.03 வெளியானபோது ‘ஜிபியுஸ்’ என்ற கொடி (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பம்) டாக்கருக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது போடவேண்டியது கன்டெய்னர் டூல்கிட் மட்டும். பழைய கட்டளையோடு தொடங்கும் கட்டுரையைப் பார்த்தால் அப்படியே மூடிவிடலாம்.

எங்கள் நிறுவல் இரண்டு இடத்தில் தடுக்கியது. மெஷினில் டாக்கர் ஏற்கெனவே உபுண்டுவின் ஸ்னாப் என்ற பேக்கேஜ் முறை வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. டூல்கிட்டோடு வரும் என்விடியா-சிடிகே, ரன்டைமை எட்சி அடைவில் உள்ள டீமன்.ஜேசன் ஃபைலில் எழுதுகிறது. ஸ்னாப் டாக்கர் அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. அதன் அமைப்பு ஃபைல் வேறு இடத்தில். எழுதியது எழுதியபடி இருக்க, எதுவும் மாறவில்லை. ஸ்னாப்பை நீக்கிவிட்டு டாக்கரின் சொந்த ஆப்ட் (உபுண்டுவின் வழக்கமான நிறுவல் கருவி) களஞ்சியத்திலிருந்து போட்டதும் சரியானது.

அடுத்து, சோதித்துப் பார்க்க ஒரு வலைப்பதிவில் இருந்த என்விடியா/குடா 11.0 பேஸ் இமேஜை இழுத்தோம். அப்படி ஒரு மேனிஃபெஸ்டே இல்லை என்று பதில். ஆதரவுக் காலம் முடிந்த குடா இமேஜ்களை என்விடியா டாக்கர் ஹப்பிலிருந்து எடுத்துவிடுகிறது. பிழைச் செய்தியைப் பார்த்து நெட்வொர்க்கையும் ப்ராக்சியையும் சந்தேகப்படுபவர்கள் உண்டு; டேகை (இமேஜின் பதிப்புப் பெயர்) மாற்றினால் போதும். பழைய இமேஜ் கையில் இருந்தாலும், அதற்குள் ஆப்ட் அப்டேட் ஓட்டினால் கையொப்பப் பிழை வரலாம். 2022 ஏப்ரல் 27 அன்று என்விடியா தன் களஞ்சியச் சாவியை மாற்றியது. அதற்கு முந்தைய இமேஜ்களில் பழைய சாவிதான் இருக்கும்.

இமேஜ் தேர்வு

என்விடியாவின் குடா இமேஜ்கள் மூன்று வகை. ‘பேஸ்’ என்பதில் குடா ரன்டைம் மட்டும், ‘ரன்டைம்’ வகையில் கணித லைப்ரரிகளும் கார்டுகளுக்கிடையே தரவு கடத்தும் என்சிசிஎல்லும் சேர்த்தி, ‘டெவெல்’ வகையில் ஹெடர் ஃபைல்களும் என்விசிசி கம்பைலரும் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் டெவெல்லையே எடுத்தார்கள். ஆளுக்குப் பல ஜிபி. டாக்கரின் சேமிப்பு அடைவு ரூட் பார்ட்டிஷனில் இருந்ததால் அது நிரம்பி, லாகின் செய்வதே தகராறானது. அடைவைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றினோம்.

ஆனால் மாடல் பழக்கும் பைத்தான் லைப்ரரியான பைடார்ச் மட்டும் பயன்படுத்துபவருக்கு இந்த இமேஜ்களே தேவையில்லை. பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் வரும் லினக்ஸ் பைடார்ச் தனக்கு வேண்டிய குடா ரன்டைம், கியூபிளாஸ், கியூடிஎன்என் போன்ற லைப்ரரிகள் எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுவருகிறது. சாதாரண பைத்தான் ஸ்லிம் இமேஜில் பிப் இன்ஸ்டால் செய்து, ஓட்டும்போது ஜிபியுஸ் கொடி கொடுத்தால் போதும். டெவெல் இமேஜுக்கு மேல் பைடார்ச் போட்டால் ஒரே லைப்ரரிகள் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கும். இப்போது எங்கள் பொது இமேஜ் ஸ்லிம் அடிப்படையில்தான்; சொந்தமாக குடா கோடு கம்பைல் செய்பவருக்கு மட்டும் டெவெல்.

அப்படிக் கம்பைல் செய்தவருக்கு வேறொரு சிக்கல். டாக்கர் பில்ட் நடக்கும்போது ஜிபியு கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போதுதான் வரும். எந்தக் கார்டுக்காகக் கம்பைல் செய்வது என்று பைடார்ச் துழாவிப் பார்த்து ஏமாறும். டாக்கர்ஃபைலிலேயே டார்ச் குடா ஆர்ச் லிஸ்ட் என்ற சூழல் மாறியில் 8.6 என்று எழுதிவிட்டோம். 3090 கார்டின் கட்டமைப்பைக் குறிக்கும் எண் (கம்ப்யூட் கேப்பபிலிட்டி) அது.

பழைய கட்டுரைக்காரரின் கதையும் இந்த எண்ணில்தான் முடிந்தது. அவருடைய கோடு குடா 10.1 காலத்துப் பைடார்ச்சைக் கேட்டது. புதிய டிரைவரில் பழைய குடா ஓடும் என்பது சரிதான். ஆனால் 8.6 என்ற கட்டமைப்பை குடா முதலில் அறிந்தது 11.1 பதிப்பில். 10.1இல் கட்டிய பைடார்ச்சில் இந்தக் கார்டில் ஓடக்கூடிய இயந்திரக் கோடே இல்லை. டென்சரை ஜிபியுவுக்கு அனுப்பும் வரை எல்லாம் சுமுகமாகப் போகும். முதல் பெருக்கலில் இந்தச் சாதனத்தில் ஓடக்கூடிய கர்னல் இமேஜ் இல்லை என்று நிற்கும் (இங்கே கர்னல் என்பது ஜிபியுவில் ஓடும் சிறு புரோகிராம்). கன்டெய்னரால் தீராத பிரச்சினை இது. பைடார்ச்சை ஏற்றி, கோடில் சில வரிகளைத் திருத்தித்தான் ஓட்டினார்.

சில்லறைத் தொல்லைகள்

பைடார்ச்சில் தரவை ஏற்றும் டேட்டாலோடருக்கு வொர்க்கர் புராசஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பயிற்சி நடுவழியில் பஸ் எரர் என்று சாகும். டாக்கர் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பொது நினைவகமாகக் கொடுப்பது 64 எம்பி மட்டும். வொர்க்கர்கள் பேட்சுகளை அதன் வழியாகத்தான் கைமாற்றுகின்றன. எஸ்எச்எம்-சைஸ் கொடியில் 8 ஜிபி கொடுத்ததும் நின்றது.

கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடியவர் மவுன்ட் செய்த அடைவில் எழுதிய ஃபைல்கள் வெளியே வந்து பார்த்தால் ரூட்டுக்குச் சொந்தம். தன் மாடலைத் தானே அழிக்க முடியாமல் என்னிடம் வருவார்கள். யூசர் கொடியில் அவரவர் யுஐடியை (பயனர் எண்) கொடுப்பது வழக்கமானது.

இரண்டாவது கார்டைப் பெற்ற மாணவர், கோடில் பழக்கதோஷத்தில் குடா விசிபிள் டிவைசஸ் என்பதை 1 என்று வைத்திருந்தார். ஜிபியுவே இல்லை என்று வந்தது. ஒரே கார்டைக் கொடுத்தால் அது ஹோஸ்டில் எத்தனையாவதாக இருந்தாலும் கன்டெய்னருக்குள் 0 தான். அந்த வரியை அழித்ததும் ஓடியது.

காலை ஆறு மணிக்கு மேல்

இனிதான் முக்கியமான பகுதி. ஆளுக்கொரு ஜூபிட்டர் (பிரவுசரில் நோட்புக்காகக் கோடு எழுதும் கருவி) கன்டெய்னர் நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் செட்டில் ஆகிவிட்டது என்று நினைத்தபோது ஒரு புகார் வர ஆரம்பித்தது: “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு சார், காலைல வந்தா ஜிபியுவைக் காணோம்.” புதிய நோட்புக்கைத் திறந்தால் பைடார்ச் குடா இல்லை என்கிறது. கன்டெய்னருக்குள் என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டினால், என்விஎம்எல்லை (கார்டின் நிலையைக் கேட்டறியும் லைப்ரரி) தொடங்க முடியவில்லை, அறியாப் பிழை என்று ஒரே வரி. ஹோஸ்டில் அதே கட்டளை கச்சிதமாக ஓடுகிறது. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். எல்லா நாளும் வராது, வந்தால் காலையில்தான்.

ரீஸ்டார்ட்டில் தீருவதால் மாணவர்கள் அதையே மருந்தாக்கிக்கொண்டார்கள். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் இரவெல்லாம் ஓடிய பயிற்சி போய்விடும். அங்கேதான் துப்பு கிடைத்தது. இரவில் தொடங்கிய பயிற்சி அதே கன்டெய்னரில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது! லாஸ் (மாடலின் பிழை அளவு) குறைந்துகொண்டு வருகிறது, ஹோஸ்டில் பார்த்தால் கார்டு முழு வேகத்தில் உழைக்கிறது. அதே கன்டெய்னரில் புதிதாகத் தொடங்கும் புராசஸுக்குத்தான் ஜிபியு இல்லை. கார்டோ டிரைவரோ கெட்டிருந்தால் பழையதும் விழுந்திருக்கும். ஏற்கெனவே சாதன ஃபைலைத் திறந்து வைத்திருப்பவருக்குப் பாதிப்பில்லை, புதிதாகத் திறப்பவருக்குத்தான் மறுப்பு என்றால், அது அனுமதி விஷயம். கன்டெய்னருக்குள் டெவ் அடைவைப் பட்டியலிட்டால் என்விடியா0 அங்கேயே இருக்கிறது. திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது, ரூட்டாக இருந்தாலும்.

லினக்ஸில் கன்டெய்னர் எந்தச் சாதனத்தைத் திறக்கலாம் என்று தீர்மானிப்பது சிகுரூப். அதன் முதல் பதிப்பில் அனுமதிப் பட்டியலை ஒரு ஃபைலாகவே படித்துப் பார்க்கலாம். இரண்டாம் பதிப்பில் அந்த ஃபைல் கிடையாது. சிகுரூப்போடு இணைத்த கர்னலுக்குள்ளேயே ஓடும் ஒரு சின்ன ஈபிபிஎஃப் புரோகிராம், ஃபைலைத் திறக்கும் கணத்தில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். திறந்த பிறகு அது தலையிடாது. இரவுப் பயிற்சி தப்பித்தது அதனால்தான்.

சரி, காலையில் அந்தப் பட்டியலை மாற்றியது யார்? மெஷினின் பதிவேடான ஜர்னலில் அந்த நேரத்துப் பதிவுகளைப் புரட்டினால், புகார் வந்த ஒவ்வொரு நாளும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ‘ரீலோடிங்’ என்று எழுதியிருந்தது. உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு டைமர் காலை 6 மணி, கூடவே ஒரு மணி நேரம் வரை தற்செயல் தாமதம். புதுப்பித்த பேக்கேஜில் சர்வீஸ் ஏதாவது இருந்தால், நிறுவலின் முடிவில் சிஸ்டம்டியின் டீமன்-ரீலோட் (அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளை) ஓடும். புதுப்பிப்பு இல்லாத நாளில் ஒன்றும் நடக்காது.

சோதித்துப் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஒரு கன்டெய்னரில் நொடிக்கொரு தரம் என்விடியா-எஸ்எம்ஐ ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் ஹோஸ்டில் டீமன்-ரீலோட் கொடுத்தோம். அடுத்த நொடியே அறியாப் பிழை. எத்தனை தரம் செய்தாலும் அதே.

நடப்பது இதுதான். கன்டெய்னரைத் தொடங்கும் ரன்சி, அனுமதிக்க வேண்டிய சாதனங்களின் பட்டியலை சிஸ்டம்டியிடம் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் என்விடியா சாதனங்கள் இல்லை. பிறகு டூல்கிட்டின் ஹூக் (தொடக்கத்தின் நடுவே செருகி ஓட்டும் புரோகிராம்) வந்து, சிகுரூப்பில் நேரடியாகத் தன் சாதனங்களுக்கு அனுமதி சேர்க்கிறது. இந்தச் சேர்க்கை சிஸ்டம்டிக்குத் தெரியாது. ரீலோட் ஆகும்போது சிஸ்டம்டி தனக்குத் தெரிந்த பட்டியலை மறுபடி பதிக்கிறது. என்விடியா வரிகள் போய்விடுகின்றன. ரன்சி, ஹூக், சிஸ்டம்டி மூன்றும் அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. ஒன்று செய்தது இன்னொன்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உபுண்டு 20.04இல் சிகுரூப் முதல் பதிப்பு. டாக்கரே அதை நேரடியாக நிர்வகித்தது. 22.04இல் இரண்டாம் பதிப்பு. அங்கே டாக்கர் இயல்பாகவே சிஸ்டம்டியிடம் பொறுப்பை விடுகிறது. பழைய உபுண்டுவில் கன்டெய்னர் வைத்திருந்த வேறு ஆய்வகத்து நண்பர்கள் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

தீர்வாக நாலைந்து வழி முன்னால் இருந்தது. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவது முதல் யோசனை. கல்லூரி நெட்வொர்க்கில் மாணவர்கள் அனைவரும் நுழையும் மெஷினில் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர, யாராவது கையால் ஒரு பேக்கேஜ் போட்டாலும் ரீலோட் நடக்கும். டாக்கரின் சிகுரூப் டிரைவரை சிகுரூப்எஃப்எஸ்ஸுக்கு, அதாவது சிஸ்டம்டியைத் தவிர்த்து டாக்கரே நிர்வகிக்கும் முறைக்கு, மாற்றுவது ஒரே வரி வேலை, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சிஸ்டம்டி ஆளும் மரத்தில் இரண்டாவது நிர்வாகியை நுழைப்பது பின்னால் வேறு வடிவில் திரும்பி வரும் என்று தோன்றியது.

முதலில் ஜிபியுஸ் கொடியோடு சாதன ஃபைல்கள் ஒவ்வொன்றையும் டிவைஸ் கொடியிலும் வெளிப்படையாகக் கொடுத்தோம். அப்போது அவை ரன்சி கொடுக்கும் பட்டியலிலேயே வந்துவிடும். எங்கள் மெஷினில் அதுவும் முழுதாக வேலை செய்யவில்லை. சிஸ்டம்டி சாதனத்தை அடையாளம் காண டெவ்/கேர் அடைவில் மேஜர், மைனர் எண்ணால் (சாதன ஃபைலின் இரு பகுதி அடையாள எண்) ஆன சிம்லிங்கை (இன்னொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) தேடுகிறது. என்விடியாவின் மேஜர் எண் 195. முதல் கார்டு 195:0, கட்டுப்பாட்டுச் சாதனம் 195:255. அந்த லிங்குகள் அங்கே இல்லை. அவற்றை உருவாக்க என்விடியா-சிடிகேயில் தனிக் கட்டளை இருக்கிறது. யுடெவ் (சாதன ஃபைல்களைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்றை எழுதி, பூட் ஆகும்போதே அது ஓடும்படி செய்ததும் ரீலோட் சோதனையில் கன்டெய்னர் அசையவில்லை.

பிற்பாடு சிடிஐக்கு மாறினோம். கன்டெய்னருக்கு என்னென்ன சாதனம், எந்தெந்த லைப்ரரி போக வேண்டும் என்பதை ஒரு யாமில் ஃபைலில் எழுதிவைக்கும் முறை அது. டாக்கர் 25இல் சோதனை வசதியாக வந்தது. ரன்சிக்குப் போகும் விவரத்திலேயே எல்லாம் சேர்ந்துவிடுவதால் ஹூக் பின்வாசல் வழியாக அனுமதி சேர்க்க வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டிரைவர் புதுப்பிப்பு

அதே தானியங்கிப் புதுப்பிப்பு இன்னொரு நாள் டிரைவரையே ஏற்றிவிட்டது. இம்முறை ஹோஸ்டிலேயே என்விடியா-எஸ்எம்ஐ டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்று நின்றது. டிஸ்கில் புதிய லைப்ரரி, கர்னலில் பழைய மாட்யூல். வேடிக்கை என்னவென்றால், முன்பே ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னர்கள் மட்டும் நன்றாக இருந்தன. மவுன்ட் செய்த பழைய லைப்ரரி ஃபைல்கள் ஹோஸ்டில் அழிக்கப்பட்டாலும், மவுன்ட் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. பயிற்சிகள் முடியக் காத்திருந்து ரீபூட் செய்தோம். அப்புறம் என்விடியா பேக்கேஜ்களை மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பின் தடைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. டிரைவரை இப்போது செமஸ்டர் விடுமுறையில் கையால் ஏற்றுகிறோம்.

சிடிஐயில் ஒரு கவனம் வேண்டும். அந்த யாமில் ஃபைலில் லைப்ரரியின் பெயர்கள் டிரைவர் பதிப்பு எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். டிரைவரை ஏற்றிவிட்டு ஃபைலைப் புதிதாக உருவாக்காவிட்டால் ஜிபியு கேட்கும் எந்தக் கன்டெய்னரும் எழாது. ரீபூட் ஸ்கிரிப்டில் அந்தக் கட்டளையைச் சேர்த்திருக்கிறோம்.

தீராமல் இருப்பது ஜிபியு நினைவகப் பங்கீடு. ராமுக்கும் சிபியுவுக்கும் டாக்கரில் வரம்பு வைக்கலாம், கார்டின் 24 ஜிபிக்கு வைக்க முடியாது. ஒரே கார்டில் இரண்டு கன்டெய்னர் ஓடினால் முந்தியவர் எடுத்ததுதான். கார்டையே துண்டாக்கித் தரும் எம்ஐஜி வசதி ஏ100, எச்100 போன்றவற்றில் உண்டு, 3090இல் கிடையாது. அதனால் ஒரு கார்டு ஒருவருக்கு என்று வைத்திருக்கிறோம். முறை யாருடையது என்பது ஆய்வகத்து வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கும்.